அந்தப் புக்கே சாக்கு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, மல்லேஸ்வரத்து மாடி அறையில், கட்டில் மேல் மூன்று புத்தகங்களை வரிசையாக வைத்து, பெண் பார்க்கப் போன வீட்டில் மூன்று பெண்களை நிறுத்திவிட்ட மாதிரி முழித்துக்கொண்டிருந்தான் சஞ்சய். இது ஐந்தாவது ஞாயிறு. நான்கு ஞாயிறுகளாக அந்த அறையில் ஆட்டம் நடக்கவில்லை. எதை ஆடுவது என்ற சண்டைதான் நடந்தது. கீழ்வீட்டுக்கு இரண்டும் ஒரே சத்தம்தான், அது வேறு விஷயம்.

ஆட்டம் என்றால் சீட்டாட்டம் இல்லை. சஞ்சய் கதை சொல்வான். ரங்கா, தீபிகா, அஷ்வின் மூன்று பேரும் அந்தக் கதைக்குள் வாள்வீரன், மந்திரக்காரி, திருடன் என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, பாயில் உட்கார்ந்தபடியே, அடுத்து என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். அது பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை தீர்மானிக்கும். மாதக்கணக்கில் ஆட முழுக்கதையையும் அச்சடித்த தடிப் புத்தகங்கள் உண்டு. அதற்குப் பெயர் கேம்பெய்ன். வீட்டுக்கார வேதநாயகி காதில் அந்தச் சொல் விழுந்தது தொண்ணூற்றொன்பது தேர்தல் சமயம். "கேம்பெய்ன் பண்ணுங்கப்பா, யார் வேணாங்கறா. எந்தக் கட்சின்னு மட்டும் சொல்லிடு. என் காம்பவுண்டுல போஸ்டர் ஒட்டினீங்கன்னா பாரு" என்றாள். அவன் அரை மணி நேரம் விளக்கினான். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ சுயேச்சையா?" என்றாள்.

மூன்று புத்தகங்களும் அமெரிக்காவிலிருந்து அத்தை மகன் கொண்டுவந்து கொடுத்தவை. முதலாவது, பாதாளச் சுரங்கம். பக்கத்துக்குப் பக்கம் வெட்டு குத்து. ரங்காவுக்கு அதுதான் வேண்டும். "வருஷம் முழுக்க வெளிச்சமே இல்லாத இடத்துல ஃபைலையும் பூதத்தையும் பார்க்கணும்னா நான் ஆடிட் ஆபீஸுக்கே போய்க்கறேன்" என்றாள் தீபிகா. இரண்டாவது, அரண்மனைச் சதி. அது தீபிகாவின் கட்சி. "எல்லாரும் பேசிட்டே இருக்காங்க குரு. கத்திய எப்ப எடுக்கறது? சாப்பாட்டுக்கப்புறமா?" என்றான் ரங்கா. மூன்றாவது, ஏழு நாடு தாண்டிப் போகும் பயணம். ஐம்பத்திரண்டு அத்தியாயம், வாரம் ஒன்று. அதை அஷ்வின் ஒரே வரியில் முடித்தான். "மச்சி, டிசம்பர் முப்பத்தொண்ணு ராத்திரி, ரெண்டாயிரம் பொறந்ததும் கம்ப்யூட்டர் எல்லாம் புட்டுக்கிச்சுன்னா எங்க கம்பெனியே இருக்காது. ஐம்பத்திரண்டு வாரத்துக்கு யாருடா கேரண்டி?"

அந்தக் கேரண்டிக்காகத்தான் சஞ்சய் அந்தப் புத்தகத்தையே பிடித்துக்கொண்டு தொங்கினான். ஆம்பூரிலிருந்து வந்து எட்டு மாதம். வேலைக்குப் போகிறான், வருகிறான், மெஸ்ஸில் சாப்பிடுகிறான். இந்த ஊரில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட அந்த மூன்று பேரை விட்டால் சம்பளச் சீட்டுதான் உண்டு. கதை பாதியில் இருக்கும்போது யாரும் எழுந்து போகமாட்டார்கள். ஐம்பத்திரண்டு அத்தியாயம் என்றால் ஐம்பத்திரண்டு ஞாயிறு. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாவிட்டால் தெரியாது என்று ஒரு நினைப்பு. நேற்று கீழே இறங்கிப்போய் மூன்று பேருக்கும் போன் போட்டு, 'பயணப் புக்குதான், கடைசியா கேக்கறேன், நாளைக்கு மூணு மணிக்குள்ள சொல்லுங்க' என்றிருந்தான்.

மூன்றரைக்கு வேதநாயகி படியேறி வந்தாள். போன் கீழேதான் இருந்தது. அதில் வருகிற சேதி முதலில் அவளுடையது, பிறகுதான் யாருடையதோ அவர்களுடையது.

"ரங்கா போன் பண்ணான்பா. சொல்லச் சொன்னான், 'அந்தப் புக்கே சாக்கு'ன்னு."

"சாக்கா? அப்படியேவா சொன்னான்?"

"அப்படியேதான் சொன்னான். நான் எதுக்கு மாத்தறேன்?"

அவள் இறங்கிப் போனபிறகும் அவன் அசையவில்லை. புத்தகம் ஒரு சாக்கு. கண்டுபிடித்துவிட்டான். சும்மா வாங்கடா, என்னோடு உட்காருங்கடா என்று கேட்க வாய் வராமல், ஒரு தடிப் புத்தகத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறான் என்று மூன்று பேரும் பேசிச் சிரித்திருக்கிறார்கள். அதையும் வீட்டுக்காரம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான் பார். காது இரண்டும் சுட்டன. ஐந்து நிமிஷத்தில் கீழே போய், கூடத்தில் வேதநாயகி அரிசி பொறுக்குகிற சாக்கில் உட்கார்ந்திருக்க, போனைச் சுற்றினான். ஒக்கலிபுரத்தில் அஷ்வின் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. விவேக் நகரில் தீபிகாவே எடுத்தாள்.

"இன்னிக்கு வராதே. இனிமே ஞாயித்துக்கிழமையே வேண்டாம். விட்டுடலாம்."

"ஏன்னு கேக்கலாமா?"

"சாக்கு சொல்ல எனக்குப் பிடிக்கல."

"சரி. சி.ஏ. கோச்சிங்ல ஞாயித்துக்கிழமை பேட்ச் ஒண்ணு காலியா இருக்குன்னாங்க. உங்களுக்காகத்தான் வேண்டாம்னு வச்சிருந்தேன். நாலரைக்குக் கிளம்பிப் போய்ப் பேரு குடுத்துடறேன்." வைத்துவிட்டாள்.

நாலேகாலுக்கு மாடிக் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு ரங்கா வந்தான். ஒரு கையில் பேக்கரிப் பொட்டலம். இன்னொரு கையில் ஏழு நாட்டுக்கும் அவனே வரைந்த வரைபடம், நான்கு சார்ட் பேப்பர் ஒட்டியது.

"எங்க குரு மத்தவங்க?"

"நீதான் சொல்லியனுப்பினியே. புக்கே சாக்குன்னு."

"ஆமா. அந்தப் புக்கே சாக்கு. மத்த ரெண்டும் எதுக்கு? ஒரு வருஷத்துக்கு அது ஒண்ணு சாக்காதா?"

சஞ்சய் அவனையே பார்த்தான். கறிகாய்க் கடையில், பஸ்ஸில், தினம் பத்துத் தடவை கேட்கிற கன்னடச் சொல். 'சாக்கு' என்றால் போதும். கண்டக்டர் சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். ரங்காவும் வேதநாயகியுமோ மூன்று தலைமுறையாக மல்லேஸ்வரத்தில் தமிழ் பேசுகிறவர்கள்; எந்தச் சொல் எந்த பாஷை என்று அவர்களுக்கே நினைவில்லை.

"பைத்தியமாடா நீ?" என்றான் ரங்கா, தீபிகா நாலரைக்குக் கிளம்புகிறாள் என்பது வரை கேட்டு முடித்ததும். "போ, போ, தீபிகாவைப் பிடி. பேரு குடுத்துட்டாள்னா அவ திரும்ப மாட்டா."

நாலு இருபத்தாறு. சஞ்சய் இரண்டு இரண்டு படியாக இறங்கினான்.

போன் வேதநாயகியின் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருந்தது. அந்தப் பக்கம் ராஜாஜிநகர் தங்கை. "...ஆமாண்டி, மாடியில ஒரு கட்சி இருந்துதே, இன்னியோட கலைச்சுட்டானுங்க. பாவம், அந்தப் பொண்ணுகிட்ட ரொம்பக் கறாராப் பேசிட்டான். எனக்கு வேற மாதிரி தோணுது..."

அவன் எதிரே வந்து நின்றான். கடிகாரத்தைக் காட்டினான். கையெடுத்துக் கும்பிட்டான். அவள் 'தெரியுது, தெரியுது' என்று தலையாட்டினாள்.

"சாக்கு, சாக்கு, வெச்சுடறேன். அந்தப் பையனே இங்க வந்து நிக்கறான்" என்றாள். ஆனால் வைக்கவில்லை. போன் ஒயரின் சுருளை விரலில் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே, தங்கை எதையோ சொல்லி முடிக்கக் காத்திருந்தாள். மாடியில் ரங்கா சும்மா இருக்கமாட்டாமல் பகடையை உருட்டினான் போலிருக்கிறது. தலைக்கு மேல், அது கட்டிலடி வரைக்கும் ஓடி, சுவரில் முட்டி, திரும்பி உருண்டுகொண்டிருந்தது.