ஹார்லனின் எதிர்க்கட்சி

“சரி ஹார்லன், நீ சொல்றதுதான் சரி. அந்த மனுஷன் இன்னொரு நாலு வருஷம் இருந்துட்டுப் போகட்டும்” என்று வென்டல் சொன்னபோது, மார்லிஸ் அப்பா ஹார்லனின் வாயருகே கரண்டியை நீட்டிக்கொண்டிருந்தாள். கரண்டியில் உருகிய ஐஸ்கிரீம். அது ஒன்றுதான் இப்போது அவர் தொண்டையில் இறங்கியது. அவர் உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

“என்ன சொன்னே?”

“அதிபர் நல்லவர்தான்னு சொன்னேன். வர்ற தேர்தல்லயும் ஜெயிக்கட்டும்.”

ஹார்லன் தன் நண்பனை வெகுநேரம் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்க முயன்றார். மார்லிஸ் தோளைத் தாங்கித் திருப்பிவிட்டாள்.

“அவனை வீட்டுக்குப் போகச் சொல்லு” என்றார் சுவரிடம்.

இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் கைவிரித்து அனுப்பிய அன்றுகூட, ஹார்லன் காரில் வழியெல்லாம் அடுத்தவர்கள் நிலத்துச் சோளத்தைக் குறை சொல்லிக்கொண்டுதான் வந்தார். டாக்டர்கள் எதையாவது சொல்வார்கள். ஆனால் வென்டல் தன்னோடு ஒத்துப்போவது என்பது வேறு. அந்த நிமிடத்தில்தான் அப்பா தான் சாகப் போவதை நம்பினார் என்பது மார்லிஸுக்குப் புரிந்தது.

வென்டல் சமையலறையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் குளிர்காலத்தில் அவர் கோட்டைக் கழற்றி நான்கு வருடம் ஆகிறது. எரிபொருளை மிச்சம் பிடியுங்கள், வீட்டுச் சூட்டைக் குறைத்து ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள் என்று அதிபர் டி.வி.யில் சொன்னதை அந்த வட்டாரத்தில் அப்படியே கேட்டு நடந்த ஒரே ஆள் ஹார்லன்தான். பக்கத்துப் பண்ணைக்காரரான வென்டல் தினமும் காலையில் காபி குடிக்க வந்து, நடுங்கிக்கொண்டே அதிபரைத் திட்டிவிட்டுப் போவார்.

“எதுக்கு அப்படிச் சொன்னீங்க?” என்றாள் மார்லிஸ்.

“பின்ன? இந்த நிலைமையில கிடக்கிறவன்கிட்ட மல்லுக்கு நிக்கச் சொல்றியா? எனக்கு மனசு வரல.”

“அவர் முகத்தைப் பார்த்தீங்களா? பாதிரியார் வந்து கடைசி ஜெபம் பண்ணியிருந்தாக்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டார்.”

வென்டல் காபிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தார். பெரிய கைகள். “இப்ப நான் என்ன பண்ணணும்?”

“உள்ள போய்ச் சண்டை போடுங்க.”

“செத்துக்கிட்டிருக்கிறவனோடயா?”

“உசுரோட இருக்கிறவரோட” என்றாள் மார்லிஸ். சொல்லிவிட்டு, அழுகை வந்துவிடக்கூடாதென்று பாத்திரம் கழுவப் போனாள்.

வென்டல் எழுந்து போனார். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போடும் சத்தம் வேண்டுமென்றே பலமாகக் கேட்டது.

“ஏய் ஹார்லன்! உன் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு ஒரு வார்த்தை விட்டுட்டேன். அதை வாபஸ் வாங்கிக்கிறேன். உன் ஆளு ஒரு காசுக்குப் பிரயோஜனமில்ல. கேட்டுச்சா?”

சுவர்ப்பக்கமிருந்து ஒரு கை மெல்ல உயர்ந்து, தன்னைத் திருப்பச் சொன்னது.

ஹார்லனின் குரல் மூச்சளவுக்குத்தான் வந்தது. வென்டல் குனிந்து நண்பனின் வாயருகே காதை வைத்துக் கேட்பார். நிமிர்ந்து, கேட்டதை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்ப்பார். அதன் பிறகு அதற்குப் பதில் கத்துவார். ஆகவே வாசலில் நின்ற மார்லிஸுக்கு இரண்டு பக்க வாதமும் வென்டலின் குரலிலேயே கேட்டது.

“ஊரான் தேசத்துக்குள்ள பட்டாளத்தோட பூந்த ரஷ்யாக்காரனுக்கு நாம தீனி போடணுமாங்கிறியா? சரி. அவன் பூந்ததுக்கு என் சோளம் என்னடா பண்ணுச்சு? ரஷ்யாவுக்கு விக்காதேன்னு தடை போட்டாரே, பட்டினி கிடந்தது அவனா நானா?”

மறுபடி குனிந்தார்.

“என்ன? பொய் சொல்லாத ஆளா? பொய் சொல்லாத ஆளு வேணும்னா பாதிரியாரா வெச்சுக்கோ. நாட்டை ஆள எதுக்கு? பேங்க்ல வட்டி எங்க போய் நிக்குதுன்னு தெரியுமா உனக்கு?”

ஹார்லன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் வலியாகி, மார்லிஸ் ஓடிவந்து தலையைத் தூக்கிப் பிடித்தாள். வலி அடங்கியதும் அவர் ஐஸ்கிரீமுக்கு வாயைத் திறந்தார். நான்கு கரண்டி சாப்பிட்டார்.

புறப்படும் நேரத்தில் வென்டலின் சட்டைக்கையை அவர் பிடித்து நிறுத்தினார். வென்டல் குனிந்தார்.

“செவ்வாக்கிழமை ஓட்டுப் போடவா? போக மாட்டேன்டா. நீ போகாம நான் என்னிக்குத் தனியாப் போயிருக்கேன்?”

அது அவர்களுக்குள் பல தேர்தல்களாக இருந்துவரும் ஒப்பந்தம். ஒருவர் ஓட்டை இன்னொருவர் ஓட்டு அடித்துவிடும் என்றால், அறுவடை நேரத்தில் இரண்டு பேரும் பெட்ரோலைச் செலவழித்து வாக்குச்சாவடிக்குப் போவானேன்? அன்று முழுக்க யாராவது ஒருவர் நிலத்தில் சோளம் அறுப்பார்கள். அறுத்துக்கொண்டே, யார் ஜெயிக்க வேண்டும் என்று தொண்டை கட்டும்வரை கத்திக்கொள்வார்கள். குடிமகனின் கடமை என்று பாதிரியார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், இருவரும் அசையவில்லை.

ஹார்லன் திங்கட்கிழமை காலையில் இறந்துபோனார். ஜன்னல் திரையை விலக்கிவிட்டு மார்லிஸ் திரும்பியபோது மூச்சு நின்றிருந்தது. அவள் அவர் தலையைக் கோதிவிட்டாள். போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டு, வென்டலுக்குப் போன் செய்தாள். செய்தியைச் சொல்லி முடித்த பிறகும் அவர் போனை வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பக்கத்துப் பண்ணைக்காரர்கள் நான்கைந்து பேர் அறுவடை இயந்திரங்களோடு வந்து, ஹார்லனின் நிலத்தில் மிச்சமிருந்த சோளத்தை அறுத்துக் கொடுத்தார்கள். இறந்தவர் வீட்டுக்கு அங்கே எல்லோரும் செய்வதுதான். மதியத்துக்கு மேல் ஒவ்வொருவராக ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்கள். வென்டலின் இயந்திரம் மட்டும் வயலை விட்டு வெளியே போகவில்லை. அன்றைக்கு அதிபர் தோற்றுப்போனார், சாதாரணத் தோல்வியும் இல்லை.

வியாழக்கிழமை அடக்கம் முடிந்து, எல்லோரும் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். பன்றி இறைச்சி வைத்த பன், உருளைக்கிழங்கு சாலட், பச்சை ஜெல்லி. மார்லிஸ் காபிக் கூஜாவோடு மேஜை மேஜையாகப் போய்க்கொண்டிருந்தாள். அப்பாவைப் பற்றி எல்லோரும் நல்லதே சொன்னார்கள். அது அவளுக்கு அலுப்பாக இருந்தது.

வென்டலுக்கு எதிரே தானியக் கிடங்கு நடத்தும் டுவெய்ன் உட்கார்ந்திருந்தார். கெட்டவரல்ல. பேச வேறு விஷயம் கிடைக்காமல்தான் அவர் ஆரம்பித்தார்.

“ஹார்லன் ஒரு வகையில கொடுத்து வெச்சவர்தான். தன் ஆளு தோத்ததைப் பார்க்காமப் போய்ட்டார். ஆனா தோத்தது நியாயம்தான். என்ன வென்டல், இந்தத் தடவையாவது ஓட்டுப் போட்டீங்களா?”

“நான் போடல.”

“ஏன்? உங்க ஓட்டை அடிக்க இப்ப ஹார்லன் ஓட்டுத்தான் இல்லையே?”

“அதனாலதான்” என்றார் வென்டல். பன்னைத் தட்டில் வைத்தார். “நியாயம்னியே, என்ன நியாயம்?”

“என்னங்க, நீங்க திட்டாத திட்டா?”

“நான் திட்டுவேன். நீ சொல்லு. ஊரான் தேசத்துக்குள்ள பட்டாளத்தோட பூந்தவனுக்கு நாம தீனி போடணுமா?”

டுவெய்ன் சிரித்துப் பார்த்தார். வென்டல் சிரிக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டார்.

“பொய் சொன்னாரா? நம்ம பணத்தைத் தின்னாரா? நாலு வருஷத்துல எவன் வீட்டுப் பையனையாவது சண்டைக்கு அனுப்பினாரா?”

“ஏன், பாலைவனத்துல நம்ம சிப்பாய்ங்க எட்டு பேர் செத்தாங்களே?”

“அவங்க பணயக்கைதிகளா மாட்டிக்கிட்ட நம்ம ஆளுங்களை மீட்டுட்டு வரப் போனவங்க. அது வேற.” வென்டலின் குரல் இறங்கியது. “இந்தச் சண்டை விஷயத்தை மட்டும் ஹார்லன் என்கிட்ட ஒரு தடவைகூட எடுத்ததில்ல. லோவெல் பேரைச் சொல்லியிருந்தா நான் அன்னிக்கே வாயை மூடிட்டுப் போயிருப்பேன். அது அவனுக்குத் தெரியும். அதான் சொல்லல.”

லோவெல் மார்லிஸின் தம்பி. பன்னிரண்டு வருடங்களுக்கு முன், வேறொரு அதிபரின் காலத்தில் வியட்நாமுக்குப் போனவன். பெட்டியில் திரும்பி வந்தான். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் அவன் பெயரை எடுப்பதில்லை.

டுவெய்ன் தட்டைப் பார்த்தார். வென்டல் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாதவராக மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர்வாதம் வரவில்லை. வரவேண்டிய ஆள் மேலே, புல்வெளிக்கு அப்பால், புது மண்ணுக்குக் கீழே இருந்தார்.

மார்லிஸ் கூஜாவை மேஜைமேல் வைத்தாள். டுவெய்னின் பக்கத்து நாற்காலியை இழுத்து, வென்டலுக்கு நேரெதிரே உட்கார்ந்தாள்.

“அதெல்லாம் இருக்கட்டும்” என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். “வட்டி அவ்வளவு ஏறிச்சே, அதுக்கு என்ன சொல்றீங்க? சோளத்தை விக்க விடாதவருக்கு இன்னொரு நாலு வருஷம் எதுக்குக் குடுக்கணும்?”

வென்டல் அவளைப் பார்த்தார். கண்ணைப் புறங்கையால் ஒருதரம் துடைத்துக்கொண்டார்.

“வட்டியா?” என்றார். “வட்டியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? உங்க அப்பன் சொன்னதை முழுசாக் கேட்டுட்டுப் பேசு.” நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவள் பக்கம் சாய்ந்தார்.

டுவெய்ன் தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் பெண்கள் காலியான மேஜைகளை மடித்துச் சுவரோரம் சாய்த்து வைக்கத் தொடங்கினார்கள். அந்த ஒரு மேஜையை யாரும் தொடவில்லை.