பச்சைத் தொப்பி

அன்று இந்த வழக்குக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் இருந்தவர்கள்: மாஜிஸ்திரேட் அம்மா. வேகமாகப் போன பைக்கைக் கேமராவில் பிடித்த ஏட்டு காசிராஜன். வண்டிக்குச் சொந்தக்காரன் பால்ச்சாமி, ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங் மிஷின் ஓட்டுகிறவன். அவனுக்குச் சாட்சி சொல்ல வந்த மில் வாட்ச்மேன் இசக்கிமுத்து. கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு, மில்லின் பெர்சனெல் ஆபீசர் ஸுந்தரராஜன். வக்கீல் யாரும் இல்லை.

அபராதத்தைக் கட்டிவிட்டுப் போகிற சமாசாரம்தான். ஆனால் வண்டி மில் சொசைட்டி மூலம் வாங்கியது, ஆர்.சி.யில் மில் விலாசம். நோட்டீஸ் நேராக ஸுந்தரராஜன் மேஜைக்குப் போய்விட்டது. பிடிபட்ட நேரம் ஷிப்டு நேரம்.

“நான் இல்ல சார். வண்டி ஸ்டாண்டுலதான் நின்னுச்சு. கேமரா நம்பரைத் தப்பாப் பிடிச்சிருக்கு” என்றான் பால்ச்சாமி.

“அப்படின்னா கோர்ட்ல ஜெயிச்சுட்டு வாரும். இல்லேன்னா வேலை கிடையாது.”

பிடிபட்ட அன்று வண்டியில் போனது அவன்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் கபடி அரையிறுதி, மச்சினன் பாண்டிதுரை ஆடினான். பக்கத்து மிஷின்காரனிடம் தன் மிஷின்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். ஷிப்டு நடுவில் அனுமதிச் சீட்டில்லாமல் யாரையும் வெளியே விடக் கூடாது. இசக்கிமுத்து விட்டார். கேட்டது பால்ச்சாமி என்பதால் விட்டார்.

கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் அவர் மறுபடியும் கேட்டார். “சாமி மேல சத்தியம் பண்ணச் சொல்லுவாவளாடே?”

“வண்டி வெளிய போகலன்னு ஒத்த வார்த்தை. அம்புட்டுதான் அண்ணாச்சி.”

“பொய்யில்லா அது.”

“நான் மாட்டுனா கதவைத் தொறந்துவிட்ட நீரும்தான மாட்டுவீரு?”

இசக்கிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் முதுகு போன பிறகு மில்லுக்கு வந்தவர். கேட்டை ஒட்டிய ஒற்றை அறைதான் அவருக்கும் மனைவி செல்லத்தாய்க்கும் வீடு.

கூண்டில் ஏறிச் சத்தியம் பண்ணினார். “வண்டி அன்னைக்கு வெளிய போகல தாயி. ஸ்டாண்டுலதான் நின்னுச்சு.” குரல் நடுங்கவில்லை. பால்ச்சாமிக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் ஏட்டு காசிராஜன் ஒரு பெரிய படத்தை நீட்டினார். நோட்டீஸில் வந்தது நம்பர் பிளேட் மட்டும்தான். இது முழுப் படம். வண்டியில் இருந்தவன் மூக்கையும் வாயையும் கைக்குட்டையால் கட்டியிருந்தான். முகம் தெரியவில்லை. ஹெல்மெட் இல்லை. தலையில் பச்சைத் துணித் தொப்பி, அதன் மேல் பஞ்சு.

மில்லில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறத் தொப்பி. ஸ்பின்னிங்குக்குப் பச்சை. வருஷக்கணக்காகப் போட்ட தலைக்கு அது இருப்பதே தெரியாது. வீட்டில் சோற்றில் கை வைத்த பிறகு மனைவி மாரிக்கனி சத்தம் போட்டால்தான் பால்ச்சாமி கழற்றுவான். அன்றும் கழற்றவில்லை.

“கோயில் மரியாதைக்குப் பரிவட்டம் கட்டுன மாதிரி தொப்பியோட போயிருக்காரும்மா” என்றார் ஏட்டு. பின்னால் சிரித்தார்கள்.

மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. படத்தை இசக்கிமுத்துவிடம் காட்டச் சொன்னார். “இது எந்த மில் தொப்பி?”

“எங்க மில்லுதாம்மா.”

“பொய் சாட்சிக்கு ஜெயில், தெரியுமா? யார் உங்களை இப்படிச் சொல்லச் சொன்னது?”

இசக்கிமுத்து திரும்பிப் பால்ச்சாமியைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கப் பார்க்கவில்லை. நீயே சொல்லிவிடுவாய் என்று பார்த்தார். பால்ச்சாமி தலையை நிமிர்த்தி மின்விசிறியைப் பார்த்தான். அது மெதுவாகச் சுற்றியது.

“யாரும் சொல்லல தாயி. நாந்தான் கவனிக்காம இருந்துட்டேன்.”

வேகத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் பால்ச்சாமிக்கு அபராதம். வயதைப் பார்த்து வாட்ச்மேனை எச்சரித்து அனுப்பினார்கள்.

வெளியே ஸுந்தரராஜன் செருப்பை மாட்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். “பால்ச்சாமி, நாளையிலேர்ந்து ஒரு வாரம் சஸ்பெண்ட். மிஷினுக்கு ஆள் கிடைக்கல, பிழைச்சீர். இசக்கிமுத்து, நீர் இன்னிக்கே ரூமைக் காலி பண்ணிடும். கேட்டுக்கு ஆயிரம் பேர் வருவான்.”

அவர் அசந்த நேரம் நானே கேட்டைத் திறந்து வண்டியை எடுத்தேன், அவருக்குத் தெரியாது என்று அப்போதாவது பால்ச்சாமி சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போய்விடும். அதனால் சொல்லவில்லை. வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

பஸ்ஸில் இசக்கிமுத்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். மம்சாபுரம் விலக்கு தாண்டியதும் கேட்டார். “கபடியில யாருடே ஜெயிச்சா?”

“தோத்துட்டாவ அண்ணாச்சி.”

“அட கெடுவானே” என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

சாயங்காலம் ஆட்டோவில் பாத்திர மூட்டையும் கட்டிலும் ஏறின. செல்லத்தாய் பால்ச்சாமியின் முகத்தைப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தாள். ராத்திரி புது ஆள் வரும்வரை கேட்டில் நிற்கச் சொல்லிப் பால்ச்சாமிக்குத்தான் உத்தரவு. இசக்கிமுத்து சாவியைக் கொடுத்தார்.

“தாழ்ப்பாள் எறங்கிப் போச்சு. கதவைச் செத்த தூக்கிப் பிடிச்சுப் பூட்டணும்.”

“அண்ணாச்சி, நான் ஆபீசர்ட்ட உள்ளதைச் சொல்லிருதேன்.”

“எப்ப?”

ஆபீஸ் அறை கூப்பிடு தூரத்தில் இருந்தது. உள்ளே ஸுந்தரராஜன் இருந்தார். பால்ச்சாமியின் கால் நகரவில்லை. இசக்கிமுத்து கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வெளியே போனார்.

“இன்னும் என்ன? கேட்டைச் சாத்தும்” என்று ஆபீஸிலிருந்து குரல் வந்தது.

பால்ச்சாமி கதவைத் தூக்கிப் பிடித்துச் சாத்தினான். தாழ்ப்பாள் விழுந்தது. பூட்டினான்.