ஒர்க்‌ஷாப் ஷெட்டில் ஒரு கச்சேரி

நகரப் பேருந்து ஓட்டும் அக்காவுக்குப் பாட்டு என்றால் உயிர். டெப்போவில் கூட வேலை பார்க்கும் ஓட்டுநர்கள், நடத்துநர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் ஓய்வறையில் பாடிப் பாடியே ஒரு குழுவை உண்டாக்கிவிட்டாள். இப்போதுதான் முதல்முறையாக மண்டபத்தில் பாடப்போகிறார்கள். ஏற்பாடெல்லாம் தம்பி பொறுப்பு. அச்சகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் டிக்கெட்டை அவனே அச்சடித்தான். அதுவும் விற்றுத் தீர்ந்துவிட்டது.

கச்சேரி நடக்கவேண்டிய வாரத்தில்தான் மண்டபத்துக்காரர் கூப்பிட்டு அனுப்பினார். பேசிய வாடகை இரண்டு மடங்காகியிருந்தது.

"முன்ன பேசினது மேடைக்கு மட்டும்தான் தம்பி. நாற்காலி தனி, ஜெனரேட்டர் தனி, கூட்டிப் பெருக்கறது தனி."

"உள்ள மூச்சு விடறதுக்கு எவ்வளவுங்க?" என்றாள் அக்கா.

அவர் சிரிக்கவில்லை. தம்பி நாற்காலியைக் குறைத்துப் பார்த்தான், நேரத்தைக் குறைத்துப் பார்த்தான், கெஞ்சியும் பார்த்தான். மனிதர் பிடி கொடுக்கவில்லை. மண்டபமே வேண்டாமென்று சொல்லி, முன்பணத்தில் பாதியை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

"டிக்கெட்ல இந்த மண்டபத்துப் பேரைத்தானேக்கா போட்டிருக்கு. எல்லாரும் இங்க வந்து நிப்பாங்களே."

"நிக்கட்டும். நான் பஸ்ஸக் கொண்டாந்து ஏத்திட்டுப் போறேன்."

"எங்க?"

"நம்ம ஒர்க்‌ஷாப் ஷெட்டுக்கு. ஞாயித்துக்கிழமை காலியாத்தானே கெடக்கு."

தம்பி அவளையே பார்த்தான். பிறகு டெப்போவை நோக்கி அவன் நடை வேகமாகிவிட்டது.

ஷெட்டும் ஒரு பஸ்ஸும் வேண்டுமென்று கேட்டதும் டெப்போ அதிகாரி எடுத்த எடுப்பிலேயே முடியாது என்றார். அக்கா நகரவில்லை. அவர் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார்.

"என் வீட்டம்மா ரெண்டு டிக்கெட் வாங்கி வெச்சிருக்கா. கச்சேரி இல்லைன்னு அவகிட்ட யாரு போய்ச் சொல்றது? சரி, நடத்துங்க. டீசல் காசு மட்டும் கட்டிடுங்க."

மிஞ்சிய முன்பணம் அதற்குச் சரியாகப் போயிற்று.

ஞாயிறு காலையிலிருந்து டெப்போ அமளிதுமளிப்பட்டது. பஸ் கழுவும் குழாயை இழுத்துவந்து தரையில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்தார்கள். பழுது பார்க்கும் பள்ளங்களைப் பலகை போட்டு மூடி, ஒரு பக்கம் மேடையும் கட்டினார்கள். கழித்துக்கட்டிய பஸ்களின் இருக்கைகளை மெக்கானிக்குகள் தூக்கிவந்து வரிசையாகப் போட்டார்கள்.

சாயங்காலம் மண்டப வாசலில் அக்காவின் பஸ் போய் நின்றது. நெற்றியில் 'கச்சேரிக்கு' என்று பலகை. நடத்துநர் படியில் நின்றபடி டிக்கெட்டைக் கிழித்துக் கிழித்து ஆட்களை ஏற்றினார். முதலில் முணுமுணுத்தவர்கள்கூட ஜன்னலோர இருக்கைக்கு அடித்துக்கொண்டார்கள். மூன்று நடை அடித்தாள் அக்கா. கடைசி நடை முடிந்து இறங்கியவள் யூனிஃபார்மோடு அப்படியே மேடையேறினாள்.

முதல் வரியைப் பாடியதும் குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த உயரமான தகரக் கூரை குரலை வாங்கி, இரட்டிப்பாக்கித் திருப்பித் தந்தது. ஓய்வறையில் தங்கள் குரல் இப்படிக் கேட்டதே இல்லை. இரண்டாவது பாட்டில் கூட்டம் இருக்கைக் கம்பிகளில் தாளம் போட ஆரம்பித்தது. ஓரமாக நின்ற தம்பி தன்னை மறந்து கத்திப் பாடினான். அவனுக்குச் சுருதி சேராது என்பது அன்று ஊருக்கே தெரிந்துபோனது.

முடிந்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. "பஸ் கிளம்புது, ஏறுங்க" என்று நடத்துநர் விசில் ஊதவேண்டியிருந்தது. ஏறியவர்கள் சும்மா வரவில்லை, வழி நெடுகப் பாடிக்கொண்டே வந்தார்கள். மண்டபம் வந்தும் ஒருவரும் இறங்கக் காணோம். அக்கா கண்ணாடியில் பின்னால் பார்த்தாள், கியரைப் போட்டாள், இன்னொரு சுற்று சுற்றிவரக் கிளம்பினாள்.