நாலு நாள் தாகம்

காலையிலிருந்து ஏழாவது முறையாக அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தாள். மேற்பார்வையாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மாசமாக இருப்பவளிடம் என்ன சொல்வது? பாத்ரூமிலிருந்து திரும்பும்போதே மறுபடியும் தொண்டை காய்ந்தது. மேஜையிலிருந்த இரண்டு லிட்டர் பாட்டிலை மதியத்துக்குள் இரண்டு தடவை நிரப்பியாகிவிட்டது. ஆனாலும் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

மின்வாரியத்துக்கு வரும் புகார்களைப் போனில் கேட்டுப் பதிவு செய்யும் வேலை அவளுடையது. ஏழு வருடமாகப் பார்க்கிறாள். திட்டு வாங்குவதுதான் பாதி வேலை. ஏழாம் மாதம் பிறந்ததும் லீவு போடச் சொன்னான் கணவன். பிரசவத்துக்குப் பிறகு வேண்டுமே என்று இவள்தான் தள்ளிப்போட்டாள்.

இந்தத் தாகம் வந்து நாலு நாள் ஆகிறது. நேற்றிலிருந்து வாந்தியும் சேர்ந்துகொண்டது. "எனக்கு ஒன்பது மாசமும் வாந்திதான். உம்புருஷன் வயித்துல இருக்கறப்ப பச்சத்தண்ணி கூடத் தங்கல," என்றாள் மாமியார். வழக்கமாகப் போகும் க்ளினிக்குக்குப் போன் செய்தபோது அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "போன வாரம்தானே சுகர் டெஸ்ட் எடுத்தீங்க, நார்மல்னு இருக்கு. வெயில் பாருங்க, அதான். புதன்கிழமை செக்கப்புக்கு வாங்க," என்றாள். அவளுக்கும் அதுவே போதுமாக இருந்தது. உடம்பு படுத்துகிறது என்று எத்தனை பேரிடம்தான் சொல்லிக்கொண்டிருப்பது?

மூன்று மணி வாக்கில் ஓர் அழைப்பு. வயதான பெண் குரல்.

"காலைலேர்ந்து கரண்ட் இல்லம்மா. எத்தனை தடவ போன் பண்றது?"

"சாரிம்மா... உங்க... இணைப்பு எண்... சொல்லுங்க."

எண்ணுக்குப் பதில் அந்தப் பக்கத்துக் குரல் மாறி வந்தது. "ஏம்மா, மாடிப்படி ஏறிட்டே பேசறியா?"

"இல்லம்மா. உக்காந்துதான் இருக்கேன்."

"உக்காந்துட்டா இப்படி மூச்சு வாங்குது? நான் முப்பது வருஷம் ஆஸ்பத்திரில நர்ஸா இருந்தவ. இந்த மூச்ச நான் கேட்டிருக்கேன். ரொம்பத் தாகம் எடுக்குதா?"

அவளுக்கு ஏனோ அழுகை முட்டியது. "ஆமாம்மா. ஏழு மாசம் எனக்கு."

"எந்திரி. பக்கத்துல இருக்கறவங்களக் கூட்டிக்கிட்டு இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. போனதும் சுகர் பாக்கச் சொல்லு. எங்க வீட்டுக் கரண்ட் எப்ப வேணா வரட்டும், நீ கெளம்பு."

எழுந்தவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மேற்பார்வையாளர்தான் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம், "முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா," என்று கோபிப்பவர் போலச் சொல்லிக்கொண்டே வந்தார்.

சுகர் ஐந்நூற்று எண்பது. ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது என்றார்கள். இரண்டு கையிலும் ஊசி ஏற்றினார்கள். ஒன்றில் சலைன், இன்னொன்றில் இன்சுலின். வயிற்றில் பட்டையைக் கட்டிக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டார்கள். துடிப்பு இருந்தது, ஆனால் சீராக இல்லை. லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் கையில் கிரீஸோடு ஓடிவந்தான். எந்த மெஷின் நின்றாலும் பிரித்துப் பார்த்துவிடுகிறவன், இங்கே எதைத் தொடுவது என்று தெரியாமல் நின்றான்.

"ஆபரேஷன் பண்ணி எடுத்துற முடியாதா டாக்டர்?"

"இப்ப பண்ணா அம்மா தாங்க மாட்டாங்க. அவங்க ரத்தம் சரியானாத்தான் குழந்தைக்கும் நல்லது. காத்திருந்துதான் பாக்கணும்."

"பத்து நாள் முன்னாடி நார்மல்னு எழுதிக் கொடுத்தாங்களே."

"அது பொய்யில்லைங்க. அன்னிக்கு நார்மல்தான். மெல்ல மெல்ல வர்ற சுகர் இல்ல இது. அபூர்வமா கர்ப்பத்துல சிலருக்கு ஒரு வாரத்துக்குள்ள கணையம் மொத்தமா நின்னுபோயிடும். அவங்க சாப்பிட்டதாலயோ சாப்பிடாததாலயோ வந்ததில்ல."

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் ரத்தம் சரியாகிக்கொண்டு வந்தது. பதினொன்றுக்குப் பட்டையைக் கட்டிய நர்ஸ் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள். போகும்போது மெஷினின் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போனாள். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பெண் குழந்தை. துடிப்பு நின்ற பிறகும் வலி வரவைத்துத்தான் பெற்றாள். ஒரு மணி நேரம் மடியில் வைத்துக்கொள்ள விட்டார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று மாமியார் அடுப்படியில் யாரிடமோ போனில், "இனிப்பு நெறைய சாப்பிட்டுட்டா போல," என்று சொல்வது கேட்டது. எழுந்துபோய் இல்லை என்று சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. தினமும் நாலு ஊசி, ஆயுசுக்கும். இந்தத் தடவை தப்பித்ததே பெரிது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எதிலிருந்து தப்பித்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். யோசிக்கவும் அலுப்பாக இருந்தது.

மறுநாள் மதியம் ஊசி போட்டுக்கொள்ளக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தவள் நெஞ்சு கனப்பதை உணர்ந்தாள். குனிந்து பார்த்தாள். நைட்டியின் முன்பக்கம் இரண்டு வட்டமாக நனைந்திருந்தது. வட்டங்கள் மெல்ல அகன்றுகொண்டிருந்தன.

கணவன் உள்ளே வந்தான். "என்ன, தண்ணி கொட்டிருச்சா?"

"ஆமா," என்றாள்.

அவன் போய்த் துணி எடுத்துவந்து கட்டிலுக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கையால் தரையைத் தடவிப் பார்த்தான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவினான். எங்கேயும் ஈரமில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, காய்ந்து கிடந்த அந்தத் தரையை அழுத்தி அழுத்தித் துடைக்கத் தொடங்கினான்.