பதினேழு டிக்

12.3.2024, செவ்வாய். நேற்று இருபது மூச்சு என்று எழுதியது தவறு. ஒன்பதிலேயே கண்ணைத் திறந்து, செல்வகுமாரி பக்கத்தில் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டேன்.

பாகூர் மாலை யோகா வகுப்பில் இவ்வளவு கறாராகக் குறிப்பு எழுதுவது அருள்மொழி ஒருத்திதான். மூச்சு, பற்றின்மை என்று நோட்டில் கோடு போட்டு இரண்டு பத்தி பிரித்திருந்தாள். எழுதச் சொன்ன யோகா மாஸ்டர் டேனியல் சாரே அவ்வளவு எதிர்பார்க்கவில்லை.

அங்கே ஒருத்தி கண்மூடிப் படுத்தால், இன்னொருத்தி பக்கத்துப் பாயில் துணைக்கு உட்கார வேண்டும். எழுந்து போவதானால் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

"இன்னைக்காவது ஒழுங்கா கண்ண மூடுடி. நான் இன்னா ஓடியா பூடுவேன்?" என்றாள் செல்வகுமாரி.

அருள்மொழி மூடினாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. திறந்தபோது பக்கத்துப் பாய் காலி.

"யம்மா!"

அலறியது தன் குரல்தான் என்று புரியவே அருள்மொழிக்கு நேரமானது. கூடத்தில் அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். வாசலில் செருப்பை மென்ற ஆட்டை விரட்டப் போயிருந்த செல்வகுமாரி, விளக்குமாறும் கையுமாக ஓடி வந்தாள்.

"இன்னாடி ஆச்சு? நீ தூங்கிட்டன்னு நெனச்சுதான் சொல்லாம போனேன்!"

அருள்மொழி அந்தக் காலிப் பாயையே பார்த்தாள். ஐந்து வயதில், குருவிநத்தத்து வீட்டில் கண் விழித்தபோதும் பக்கத்துப் பாய் இப்படித்தான் கிடந்தது. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டிருந்தாள். பிள்ளை அழுமே என்று, தூங்கும்போதே கிளம்பினாளாம்.

டேனியல் சார் தண்ணீர் கொடுத்தார். "பற்றில்லாம இருக்கறதுன்னா ஆளே வேணாம்னு இருக்கறது இல்லம்மா. போனவங்க வருவாங்கன்னு உடம்பு நம்பணும். அப்பதான் புடிச்ச கை தானா விடும்."

அருள்மொழி நோட்டைப் புரட்டினாள். பற்றின்மை என்ற பத்தியில் பதினேழு நாள், பதினேழு டிக். எல்லாவற்றுக்கும் ஒரே குறிப்பு: 'பாப்பா எழுவதற்குள் கிளம்பினேன். அழுகை இல்லை. மனம் கலங்கவில்லை.'

அவளுடைய மூன்று வயது மகள் அமுதம் பத்து நாளாகத் தூக்கத்திலும் அம்மாவின் நைட்டியை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். அந்தப் பிடியை விரல் விரலாகப் பிரித்து, மாமியார் பக்கத்தில் தள்ளிப் படுக்கவைத்துவிட்டுத்தான், தவளக்குப்பத்தில் கம்பெனி வேனைப் பிடிக்கிறாள் அருள்மொழி.

"ஐயோ, எங்கம்மா மாதிரி நானுமா!"

எட்டிப் படித்த செல்வகுமாரி விளக்குமாற்றைக் கீழே போட்டாள். "எல்லாரும் இப்படித்தானடி வேலைக்குப் போறோம்?"

அருள்மொழி பேனாவை எடுத்தாள். பதினேழு டிக்கையும் ஒவ்வொன்றாகக் கோடு கிழித்து அடித்துவிட்டு, கீழே எழுதினாள்.

நாளை: ஐந்தரைக்கு அமுதத்தை எழுப்ப வேண்டும். 'வேலைக்குப் போறேன், சாயங்காலம் வந்துடுவேன்' என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அழுதால் அழட்டும். வேன் போய்விட்டால் பஸ்.