குளித்த பிறகுதான் மீன்

கல்லுடைத்துக் காய்த்துப்போன கைகளோடு கனிமொழி முதன்முதலாக வாடகை வேன் ஓட்டி வந்திருந்தாள். ஒரு புகார் வந்தாலும் சாவியைப் பிடுங்கிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

ஒகேனக்கல்லில் இறங்கியதுமே, வேனில் குடும்பத்தோடு வந்த சென்னைக்காரர், “பசிக்குது, நல்ல ஏசி ஹோட்டலுக்கு விடும்மா” என்றார்.

“தின்னுட்டு அருவியில நின்னா வாந்திதானுங்க வரும். மீன வாங்கி இங்க சமைக்கற அக்காகிட்ட குடுத்துட்டு, எண்ணெ தேச்சுக் குளிச்சுட்டு வாங்க. அப்பறம் சொல்லுங்க.”

முறைத்தபடி போனவர் ஈரத்தலையோடு திரும்பி வந்து, மூன்று தட்டு சோற்றை மீன்குழம்பு ஊற்றி வழித்துத் தின்றார்.

அந்நேரம் பார்த்து முதலாளி கூப்பிட்டார். சென்னைக்காரர் போனைக் கேட்டு வாங்கினார்.

“அடுத்த மாசம் மறுபடி வர்றோம். இந்தப் பொண்ணுதான் ஓட்டணும்.”

கனிமொழி சட்டமாக உட்கார்ந்தாள். “யக்கா, எனக்கொரு தட்டு போடு. தலைத்துண்டு எனக்குத்தான்!”