ரத்தம் சுத்தமான பிறகு

மேஸ்திரிக்கு அருள்பிரகாசம் தரவேண்டிய பாக்கி அறுபத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய். வேலையில் சேரும்போது வாங்கின அட்வான்ஸ். அது கழியும்வரை வேறு இடம் போக முடியாது. நானும் அதே மேஸ்திரியிடம்தான் எண்ணூரில் பைப் தூக்குகிறேன்.

வெல்டிங் சரியா என்று கதிர் விட்டுப் படம் பிடிக்கும் பெட்டி ஒன்று அங்கே உண்டு. அதன் குழாயைச் சுருட்டி வைக்கச் சொன்னார்கள். பெட்டிக்குள் திரும்பியிருக்க வேண்டிய கதிர்த்துண்டு குழாயிலேயே நின்றுவிட்டது யாருக்கும் தெரியாது. அருள் வெறுங்கையால் சுருட்டினான். பாதுகாப்பு ஆபீசர் கதிர் அளக்கும் கருவியைப் பார்த்து அலறிய பிறகுதான் விஷயம் தெரிந்தது.

"ஒன்னும் ஆவாது. வாயத் தொறக்காத," என்றார் மேஸ்திரி.

பயத்தில் இருவரும் ஆளுக்கொரு குவார்ட்டர் போட்டுவிட்டு எர்ணாவூரில் அருள் வீட்டுக்கு வந்தோம். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் மேல்வீட்டு ஜஸீமா கேள்விப்பட்டு இறங்கி வந்தாள்.

"இப்பவே ரத்தம் குடுண்ணா. கதிர் பட்டா டி.என்.ஏ. அறுந்துடும். அறுந்த எடத்துல, அது சுத்தியிருக்கிற ஹிஸ்டோன் புரதத்துல ஒரு அடையாளம் வுழும். எங்க ஆன்டிபாடி அத்த மட்டும் தேடிப் புடிச்சிக்கும். லென்சுல பச்சைப் புள்ளியா மின்னும். அதான் கேசுக்கு சாட்சி. அப்புறம் மேஸ்திரி பாக்கி கேக்க முடியாது, அவருதான் உனக்குத் தரணும்."

அருள் என் காதைக் கடித்தான். "ரத்தம் எடுத்தா சரக்கு தெரிஞ்சிடும் மாமு. குடிச்சிட்டுத் தொட்டான்னு நம்ம மேலயே திருப்பிடுவானுங்க."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மூன்று நாள் மோரும் இளநீருமாகக் குடித்தான். "இன்னாய்யா, சாமியாராப் பூடப் போறியா?" என்று சிரித்தாள் அவன் பெண்டாட்டி ஃப்ளோரா. அதன் பிறகே ரத்தம் கொடுத்தான்.

ஜஸீமா முகம் தொங்கிப்போய் வந்தாள். "எல்லாருக்கும் இருக்கிற அளவுதான் புள்ளி கீது. அறுந்தத உடம்பே ஒட்டிக்கும்ணா. ஒட்டினதும் அடையாளம் போயிடும். அதான் ஒடனே கேட்டேன்."

"ஒட்டிக்கிச்சின்னா நல்லதுதானம்மா?" என்றாள் ஃப்ளோரா.

"கோணலா ஒட்டியிருந்தா? அத்த இந்த ஆன்டிபாடி சொல்லாது."

சில வாரத்தில் வலதுகை விரல்கள் கொப்பளித்துக் கறுத்தன. ஆஸ்பத்திரியில் கட்டைவிரலை மட்டும் விட்டுவைத்தார்கள்.

மேஸ்திரி ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். ஃப்ளோரா கேஸ் என்று வாயெடுத்ததும், "ரத்தத்துலயே ஒன்னுமில்லன்னு வந்துச்சாமே?" என்றார். பிறகு அருள் கையில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்தார்.

"பைப் புடிக்க முடியாதவன்கிட்ட இன்னாத்த வாங்குறது? பாக்கி வாணாம், வுடு."

அருள் இடதுகையைத் தூக்கி அவருக்குக் கும்பிடு போட்டான்.